நாலே நாளில் வந்த கராச்சிக் கடுதாசி

தபால்காரர் நீட்டிய உறையைப் பார்த்து அம்மா போட்ட அலறலில், அடைகாத்துக்கொண்டிருந்த கோழி முட்டைகளை விட்டுவிட்டுக் கூரைமேல் ஏறிவிட்டது.

"அய்யோ சாமி! நீலம்! நீலக் காயிதம் ஒட்டியிருக்குதே!"

அலறாமல் என்ன செய்வாள், பாவம்? வெண்ணந்தூர்ப் பக்கம் கடுதாசி வந்தால் யாரும் உடனே பிரிக்க மாட்டார்கள். முதலில் மூலையைப் பார்ப்பார்கள். மஞ்சள் தடவியிருந்தால் நல்ல சேதி. ஓரத்தில் கறுப்பு மை பூசியிருந்தால் சாவுச் சேதி. கறுப்புக் கடுதாசியை வாசலில் நின்றே படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிட வேண்டும். வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. இது ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் நீலம்? நீலத்துக்கு என்ன அர்த்தம்? அது மஞ்சள் இல்லை. கறுப்புக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவுக்கு அது போதும்!

"கராச்சியிலேருந்து வந்திருக்குதும்மா. அண்ணன்தான் எழுதியிருக்கும். குடுங்க, நான் படிக்கறேன்" என்றாள் பாவாயி.

பாவாயிக்குப் பத்து வயது. நாலாம் வகுப்பு. அந்தத் தெருவில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். அவள் அவசரமாக உறையைப் பிரித்து உள்ளே இருந்த தாளை உருவினாள். அவ்வளவுதான். அம்மா உறையைப் பிடுங்கி, நாலாகக் கிழித்து, வாசல் ஓரத்தில் விருந்துச் சோறு வெந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டுவிட்டாள். நீலக் காகிதம், தபால்தலை, முத்திரை எல்லாம் ஒரு நொடியில் சாம்பல்.

அதுவும் எந்த நாளில்? அக்கா சாலம்மாளின் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிற நாளில்! மாப்பிள்ளையின் அப்பா கருப்பண்ணனும் அம்மா அங்கம்மாளும் சங்ககிரியிலிருந்து வந்து, வாசல் வேப்பமரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். நடப்பதைப் பார்த்து இரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள்.

பாவாயி படித்தாள். "அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் இங்கே சுகமாக இருக்கிறேன்..."

"அப்பாடா!" என்று அம்மா தரையில் உட்கார்ந்தாள். "சுகமா இருக்கறானாமா! எம்மவன் சுகமா இருக்கறானாமா!"

அண்ணன் செங்கோடன் சேலத்தில் ஒரு எஞ்சினியர் துரைக்கு மோட்டார் ஓட்டியவன். போன வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து இரண்டில், துரைக்குக் கராச்சிக்கு மாற்றல் ஆனது. செங்கோடனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"மேல படி அம்மிணி" என்றார் கருப்பண்ணன். "எங்களுக்கும் கேக்கற மாதிரி, மொதல்லேருந்து சத்தமாப் படி."

பாவாயி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள்.

"கராச்சி, செவ்வாய்க்கிழமை ராத்திரி. அன்புள்ள அப்பா அம்மாவுக்கு, நான் இங்கே சுகமாக இருக்கிறேன். தங்கச்சி சாலம்மாளின் முகூர்த்தத் தேதியை உடனே எழுதவும். வருகிற வியாழக்கிழமை துரை சீமைக்குக் கப்பல் ஏறுகிறார். அதற்குள் கேட்டால்தான் எனக்கு லீவு கிடைக்கும். இந்தக் கடுதாசியை நீலக் காகிதம் ஒட்டி ஏரோப்பிளேன் தபாலில் போடுகிறேன். ஏரோப்பிளேன் நாளைக் காலையில் இங்கே கிளம்பி, வழியில் ஒரு ராத்திரி தங்கி, மறுநாளே மதராசுக்குப் போய்விடும். நீங்களும் அதிலேயே பதில் போடவும். மதராசிலிருந்து திங்கட்கிழமை காலையில் கிளம்பும். வாரத்துக்கு ஒரு தடவைதான். மறக்க வேண்டாம்."

 கருப்பண்ணன் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"புதன், வியாழன், வெள்ளி, சனி. நாலு நாளு." அவர் நிமிர்ந்து பாவாயியின் அப்பாவைப் பார்த்தார். "ஏனுங்க மச்சான், சித்த முன்னாடி என்ன சொன்னீங்க? கராச்சி எத்தன நாள் தூரமுன்னீங்க?"

"ஒம்போது நாளுங்க" என்றார் அப்பா பெருமையாக. "இதுக்கு முன்னால வந்த கடுதாசியெல்லாம் ஒம்போது நாளுங்க!"

"ஒம்போது நாள் தூரத்துல இருக்கற ஊருலேருந்து நாலு நாள்ல எப்பிடிங்க கடுதாசி வரும்? ஊரு நகந்து வந்துபோட்டுதா?"



"ஏரோப்பிளேன்ல வந்துதுங்க மாமா" என்றாள் பாவாயி.

"பறந்து வருதாமா கடுதாசி!" என்று அங்கம்மாள் மோவாயில் கை வைத்தாள். "எந்தம்பி மச்சினன் ஒருத்தன், கொழும்புல இருக்கறேன் கொழும்புல இருக்கறேன்னு மூணு வருசம் கடுதாசி போட்டான். கடசில பாத்தா, அவன் இருந்தது சேலம் ஜெயிலுல!"

ஜெயில்!

அந்தச் சொல் விழுந்ததும் அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சாலம்மாள் "அய்யோ" என்றாள். சத்தம் வெளியே வரவில்லை. பாவாயிக்கு மட்டும் கேட்டது.

"எம் பையன் அப்பிடிப்பட்டவன் இல்லீங்க!" என்றார் அப்பா.

"இல்லீன்னா நல்லதுதான். உறையைக் காட்டுங்க. முத்திரையில ஊரு பேரு இருக்குமல்ல?" என்றாள் அங்கம்மாள்.

எல்லாரும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பொண்ணுமேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா நம்ம வழக்கம் உங்களுக்கே தெரியும். அண்ணங்காரன் கையைப் புடிச்சுக் கூட்டியாந்தாத்தான் பொண்ணு மணையில உக்காரலாம். அந்தக் கை எந்த ஊருல இருக்குதுன்னே தெரியாம நான் எப்பிடிங்க நாள் குறிக்கறது? நாங்க கெளம்பறோம்."

பாவாயிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சத்தமாகப் படித்தது அவள்தானே! அதை மட்டும் விழுங்கியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. கதவுப் பக்கம் பார்த்தாள். அக்காவின் கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.

அவள் ஓடிப்போய்க் கருப்பண்ணனுக்கு முன்னால் நின்றாள்.

"மாமா, சோறு ஆகிப்போச்சுங்க. நாலு பொரியல், வடை, பாயசமெல்லாம் இருக்குதுங்க. சாப்புடாமப் போனீங்கன்னா எங்கம்மா அழுவாங்க. கோவத்த அப்புறம்கூடப் படலாமுங்க."

கருப்பண்ணன் தயங்கினார். வடை வாசனை கட்டில் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. அவருக்குக் கோபம் செங்கோடன்மேல்தான். வடைமேல் அவருக்கு என்ன கோபம்?

"சரி சரி. சாப்புட்டுட்டுப் போறோம்" என்று உட்கார்ந்தார்.

பாவாயி பள்ளிக்கூடத்தைப் பார்த்து எடுத்தாள் ஓட்டம்.

பள்ளிக்கூடத்தைப் பெருக்கும் சின்னாயி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"சின்னாயக்கா, இந்தியாப் படம் வேணும். செவுத்துல தொங்குதே, அது!"

"என்னது? படத்தையா?" சின்னாயி துள்ளி எழுந்தாள். "அது கிழிஞ்சா வாத்தியாரு என்ற தோலை உரிச்சு அந்த ஆணியிலயே மாட்டிப்போடுவாரு!"

பாவாயி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயில் என்றதும் சின்னாயி இடுப்பிலிருந்து சாவியை உருவிவிட்டாள்.

"செங்கோடனா? எனக்கு மோட்டாருல எடம் குடுத்துச் சேலம் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போன பையனா? வா புள்ள! நானும் கூட வாரேன். படத்த நாந்தான் புடிப்பேன். யாரும் தொடக் கூடாது!"

இரண்டு பேரும் சுருட்டிய படத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தார்கள். வழியில் பார்த்தவர்கள், யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப்போய் விலகி நின்றார்கள்.

வேப்பமரத்தில் படம் ஏறியது. கருப்பண்ணன் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"இதென்ன அம்மிணி?"

"இந்தியா தேசமுங்க மாமா. இந்தப் படத்துல ஒரு அங்குலமுன்னா நெசத்துல நூறு மைலுங்க. கீழ போட்டிருக்குது பாருங்க."

கருப்பண்ணனுக்கு எழுத்துப் படிக்க வராது. எண் படிக்க நன்றாக வரும். பஸ் முதலாளி ஆயிற்றே! சங்ககிரிக்கும் சேலத்துக்கும் நடுவில் அவருடைய மோட்டார் பஸ் ஓடுகிறது. அதை அவரேதான் ஓட்டுவார். இன்றைக்கு அந்த பஸ்ஸில்தான் வந்திருந்தார். அது தெருமுனையில் நின்றது. ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"சங்ககிரி எங்க இருக்குது?"

"அது... இதுல இல்லீங்க மாமா."

"என்னது, சங்ககிரி இல்லியா!" கருப்பண்ணன் அதிர்ந்துபோனார். "அவ்வளவு பெரிய கோட்டை இருக்குது, மலை இருக்குது, எம் பஸ்ஸு இருக்குது! அதயே போடாத படத்த நான் எப்பிடி நம்பறது?"

"நம்ப வேண்டாமுங்க. நீங்களே அளந்து பாருங்க. சேலத்துலேருந்து மதராசுக்கு ரயில்ல எத்தன மைலுன்னு தெரியுமுங்களா?"

"தெரியாம என்ன? பஸ்ஸு வாங்க அதுலதான போனேன். இருநூறு மைலு, கூடக் கொஞ்சம்."

பாவாயி ஒரு நூலை அவர் கையில் கொடுத்தாள். அவர் ஒரு நுனியைச் சேலத்தில் வைத்தார். இன்னொரு நுனியை ரயில் கோட்டோடு மதராசுக்கு இழுத்தார். அப்புறம் பள்ளிக்கூடத்து அளவுகோலில் வைத்துப் பார்த்தார்.

இரண்டு அங்குலம்.

"அட!" என்றார். மறுபடியும் அளந்தார். மறுபடியும் இரண்டு அங்குலம். "படம் பொய் சொல்லல போல இருக்குதே!"

"இப்பக் கராச்சியிலேருந்து பம்பாய்க்கு, பம்பாயிலேருந்து மதராசுக்கு, அங்கேருந்து சேலத்துக்கு அளங்க மாமா."

நூல் கடல் ஓரமாக இறங்கியது, மலையைத் தாண்டியது, கிழக்கே வந்து சேலத்தில் நின்றது. சின்னாயி படத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று கத்திக்கொண்டே இருந்தாள்.

"பதினஞ்சு அங்குலம்" என்றார் கருப்பண்ணன். "ஆயிரத்து ஐந்நூறு மைலு. அதான் சொல்றேன், எவ்வளவு தூரம் பாரு!"

"ஆமாங்க. ரொம்பத் தூரமுங்க. மாமா, உங்க பஸ்ஸு எவ்வளவு வேகம் போகுமுங்க?"

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

"மணிக்கு இருவத்தஞ்சு மைலு! இந்த ஜில்லாவுல அதை முந்தறதுக்கு ஒரு வண்டி கெடையாது!"

"அப்ப உங்க பஸ்ஸு நிக்காம ஓடினா, கராச்சியிலேருந்து நம்ம ஊருக்கு எத்தன நேரமாவுங்க?"

கருப்பண்ணன் மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டார். போட்டதை அழித்துவிட்டு மறுபடி போட்டார். அவருடைய கண் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"அறுவது மணி நேரம்..." என்று முணுமுணுத்தார். "ரண்டு நாளு... ரண்டரை நாளு!"

குச்சி கீழே விழுந்தது.

"மச்சான்! எம் பஸ்ஸு கராச்சியிலேருந்து ரண்டரை நாள்ல வந்துருமுங்க! எம் பஸ்ஸு!"

"ரண்டரை நாளா?" அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப ஒம்போது நாள் தூரமுன்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறேனே!"

"நெலத்துல ஓடற பஸ்ஸே ரண்டரை நாளுன்னா, மேடு பள்ளம் இல்லாம, மாட்டு வண்டி குறுக்க வராம மேல போறதுக்கு ஒரு நாளும் கூடக் கொஞ்சமும் போதாதுங்களா மாமா?" என்றாள் பாவாயி.

"போதும், போதும்" என்றாள் சின்னாயி. அவளை யாரும் கேட்கவே இல்லை.

"அப்ப அந்த ஒம்போது நாளு?" என்றார் கருப்பண்ணன். "மத்த கடுதாசியெல்லாம் ஏன் ஒம்போது நாளாச்சு?"

"உங்க பஸ்ஸு காலையில எத்தன மணிக்குங்க கெளம்பும்?"

"எங்க... சனம் ரொம்பினாக் கெளம்பும்."

"தபால் மூட்டையும் அப்பிடித்தானுங்க இருக்கும். இந்த ரயிலுக்குக் காத்திருக்கும், அந்த ரயிலுக்குக் காத்திருக்கும். நம்ம ஊரு தபால் ஆபீசுல ஞாயித்துக்கெழமை பூரா தூங்கும்."

கருப்பண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆனால் அங்கம்மாள் சிரிக்கவில்லை.

"எல்லாஞ் சரி. கடுதாசி நாலு நாள்ல வரலாம், நான் ஒத்துக்கறேன். அதுக்காக அவன் ஜெயிலுல இல்லீன்னு ஆயிருமா?"

 அதுவும் நியாயமான கேள்விதானே? பாவாயி கையிலிருந்த கடுதாசியைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை ராத்திரி. இவ்வளவு வம்புக்கும் காரணமான அந்த இரண்டு வார்த்தைகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். சட்டென்று தலையைத் தூக்கினாள்.

"அத்தை, கொழும்புன்னு எழுதினாரே ஒருத்தர், அவரு தேதி எப்பிடிப் போட்டாருங்க?"

"எப்பிடின்னா? கொழும்புலேருந்து வர எத்தன நாளாகுமோ அத்தன நாளு முன்னாடி தேதி போட்டான். கள்ளன்! அதனாலதான மூணு வருசம் நாங்க கண்டே புடிக்கல?"

"எங்கண்ணனும் பொய் சொல்றவரா இருந்தா, ஒம்போது நாளு முந்தின தேதியைப் போட்டிருப்பாரில்லீங்களா? யாரும் ஒண்ணுமே கேட்டிருக்க மாட்டீங்களே? நாலு நாளுன்னு எழுதினா நம்ப மாட்டாங்கன்னு தெரியாமலேயே எழுதியிருக்குதுங்க. ஏன்னா அதுதானுங்க நெசம்."

அங்கம்மாளின் கை மறுபடியும் மோவாய்க்குப் போனது.

"அட ஆமா!" என்றாள் மெதுவாக. "அடி ஆத்தா! இந்தப் புள்ள சொல்றது நெசந்தானுங்க. பொய் சொல்றவன் நம்பற மாதிரியல்ல சொல்லுவான்!"

 கருப்பண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

"மச்சான், வைகாசி இருவத்தொண்ணு நல்ல நாளு. குறிச்சுக்கலாமுங்களா?"

 அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். கதவுக்குப் பின்னாலிருந்து விசும்பலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

பாவாயி உடனே பதில் எழுத உட்கார்ந்தாள். தேதியை எழுதினாள். அண்ணன் கட்டாயம் வர வேண்டும் என்று எழுதினாள். கருப்பண்ணன் பக்கத்தில் வந்து குத்தவைத்தார்.

"அம்மிணி, இன்னொண்ணும் எழுது. கருப்பண்ண மாமன் உன்னையக் கள்ளன்னு நெனச்சுப்போட்டான், மன்னிச்சுக்கப்பான்னு எழுது."

பாவாயி எழுதவில்லை.

"அது வேண்டாமுங்க மாமா. அவ்வளவு தூரத்துல தனியா இருக்கறவரு. படிச்சா ரொம்ப வெசனப்படுவாரு. அது நமக்குள்ளேயே இருக்கட்டுமுங்க."

கருப்பண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு துண்டால் துடைத்தார்.

அம்மா உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். தடவினாளா, குளிப்பாட்டினாளா என்று கேட்கும்படி தடவினாள்.

அப்போதுதான் அப்பா, "அய்யய்யோ!" என்றார். "தபால்காரரு போயிட்டாரே! இனித் திங்கக்கெழமைதான் வருவாரு. ஏரோப்பிளேன் அன்னைக்குக் காலையிலயே கெளம்பிருமே!"

"சேலத்துல பெரிய தபால் ஆபீசுல மூட்டை கட்டறது எத்தன மணிக்கு?" என்று கேட்டார் கருப்பண்ணன்.

"அஞ்சு மணிக்குங்க" என்றார் அப்பா.

"இப்ப மணி நாலாச்சு. குடு இங்க!" அவர் கடுதாசியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவர் ஓடியதை ஊரே பார்த்து அதிசயித்தது.

பஸ் கிளம்பியது. அங்கம்மாளைத் தவிர உள்ளே ஒரு ஆள் இல்லை. வழியெல்லாம் சேலம் போகிறவர்கள் கையைக் காட்டினார்கள். காசு கொடுக்கிற சனம்! கருப்பண்ணன் ஒருவருக்கும் நிறுத்தவில்லை.

"நிக்காது! நிக்காது! கல்யாணக் கடுதாசி போகுது!" என்று அங்கம்மாள் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனாள். கையைக் காட்டியவர்கள் காட்டிய கையை இறக்கக்கூட மறந்து நின்றார்கள்.

ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடுதாசி மூட்டைக்குள் விழுந்தது.

வைகாசி பத்தொன்பதாம் தேதி, ஆறு நாள் ரயில் கரியோடு செங்கோடன் வந்து இறங்கினான். சம்பந்தி வீட்டில் எதற்காகத் தனக்கு மட்டும் இரண்டு வடை கூடுதலாக வைக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியவே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இருபத்தொன்றாம் தேதி காலையில் அவன் சாலம்மாளின் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வந்தான். மணையில் உட்கார்ந்த பிறகு கையை விட்டுவிட வேண்டும் என்பது வழக்கம். சாலம்மாள் விடவில்லை. தாலி கட்டி முடிகிற வரைக்கும் அண்ணன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.